நாலு மாறியா, நாற்பத்தொரு மாறியா?

அக்கா மகள் எம்.டெக். கடைசி வருடம் படிக்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: “மாமா, ப்ராஜெக்ட் தலைப்பு ஓகே ஆயிடுச்சு. சில மருந்துகளால வர்ற ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறை கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணணும். எந்த மாடலை எடுக்கட்டும்?” கூடவே ஒரு காணொளி. கருநீலத் தசைப்பரப்பில் மஞ்சள் அலை ஒன்று சங்குச் சுழிபோலச் சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் பத்துத் துண்டாகச் சிதறுகிறது. கீழே ஒரு வரி: “எனக்கு இது மாதிரி வரணும்.”

அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்தியது. பல வருடங்களுக்கு முன்னால் நானும் அதே ஆசையோடுதான் இந்த வேலைக்குள் நுழைந்தேன். படம் வந்தது. அது என்ன கேள்விக்குப் பதில் என்று கேட்டபோது வாயடைத்துப் போனேன். “நாளைக்குச் சொல்றேன்மா” என்று அனுப்பிவிட்டு, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு எழுதியது இது. அவளுக்கு மட்டுமல்ல, இதே குழப்பத்தில் நிற்கும் வேறு யாருக்கும் உதவலாம் என்பதால் கொஞ்சம் விரித்திருக்கிறேன்.

அவள் கையில் இருப்பது ஆறு மாதம், 16 ஜி.பி. நினைவகத்தோடு ஒரு கேமிங் லேப்டாப். பைத்தான் நன்றாக வரும், சி++ என்றால் பயம். கைடு நல்லவர், ஆனால் இயற்பியல்காரர். சுருள் அலை என்றால் அவருக்கும் கண் விரியும். இதை எல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாடலை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் மாடல்களை மட்டும் ஒப்பிடுகின்றன. தேர்ந்தெடுப்பவரின் கேள்வியையும் கைச்சரக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த மாடலும் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை.

ஆபத்தான துடிப்புக் கோளாறு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சங்கதிகளை. ஒன்று, பாதைக் கோளாறு. அறுவடை முடிந்த வயலில் தாளுக்குத் தீ வைத்தால் தீ முன்னால்தான் போகும். எரிந்த இடத்துக்குத் திரும்பாது, அங்கே எரிய ஒன்றுமில்லை. இதயத் தசையின் மின் அலையும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இந்த வயலில் கால் நொடிக்குள் மறுபடி தாள் முளைத்துவிடும். அலை ஒரு தடையைச் சுற்றிவரும்போது புறப்பட்ட இடம் அதற்குள் முளைத்திருந்தால், அலை தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு ஓயாமல் சுற்றும். எவ்வளவு பெரிய சுற்று தேவை? கணக்கு எளிது: அலையின் வேகத்தைக் களைப்பு நேரத்தால், அதாவது தாள் மறுபடி முளைக்க ஆகும் நேரத்தால், பெருக்க வேண்டும். நல்ல தசையில் நொடிக்கு 60 செ.மீ., களைப்பு நேரம் 0.25 நொடி என்றால் 15 செ.மீ. அவ்வளவு நீளமான சுற்றுப்பாதை ஒரு சாதாரண இதயத்துக்குள் எளிதில் அமையாது. மாரடைப்புத் தழும்பின் ஓரத்தில் வேகம் 15 செ.மீ. ஆகக் குறைந்து, களைப்பு நேரம் 0.3 நொடி என்றால் நாலரை செ.மீ. போதும். தழும்புள்ள இதயம் ஏன் ஆபத்தானது என்பதற்கு இந்தப் பெருக்கலைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, பொறிக் கோளாறு. இங்கே தசையின் வடிவம் ஒழுங்காக இருக்கும். தனிச் செல்லே தடுமாறும். ஒவ்வொரு துடிப்பிலும் செல் மின்னேறி, பிறகு பொட்டாசியம் வெளியேறுவதால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்புவது தாமதமானால், இறங்கும் வழியிலேயே அது மறுபடி ஏறப் பார்க்கும். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி, அதாவது கீழறை மின்னேறித் திரும்ப ஆகும் நேரம், நீளும். அந்த நேரத்தில் கிளம்பும் பொறியிலிருந்து வருவதுதான் டோர்சாட் என்று சுருக்கமாக மருத்துவர்கள் சொல்லும் முறுக்குத் துடிப்பு; 1966இல் பிரெஞ்சு மருத்துவர் டெஸர்டென் விவரித்தது. மருந்தால் வரும் கோளாறில் முக்கியமானது இது. ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனதும், நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிஸாப்ரைட் 2000இல் போனதும் இதனால்தான்.

அக்கா மகளின் தலைப்பு இரண்டாவது வகை. அவள் அனுப்பிய காணொளி முதல் வகை. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. சரி, கடையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மிகப் பழையது, மிக மலிவானது புள்ளிக் கோல மாடல். தசையைப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் சில நிலைகள் மட்டும் கொடுப்பது: ஓய்வு, கிளர்ச்சி, களைப்பு. பக்கத்துப் புள்ளி கிளர்ந்தால் நீயும் கிளர், பிறகு இத்தனை அடி நேரம் களைத்திரு. வீனரும் ரோசன்புளூத்தும் 1946இல் மெக்சிகோவில் இந்த வழியில் யோசித்தார்கள். 1964இல் மோ என்பவரும் கூட்டாளிகளும் 992 அறுகோணப் புள்ளிகளை வைத்து, களைப்பு நேரம் இடத்துக்கு இடம் மாறினாலே மேலறைத் துடிப்பு சிதறிப் பல அலைகளாக ஓடும் என்று கணினியில் காட்டினார்கள். இப்போதுகூட, தழும்பு நூல் படிந்து பக்கவாட்டு இணைப்புகள் அறுந்தால் எந்த இடத்தில் கோளாறு வேர்விடும் என்று பார்க்க இதை எடுப்பவர்கள் உண்டு. ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். ஆனால் இதில் மருந்தை எங்கே போடுவது? களைப்பு நேரத்தை நாமே கூட்டலாம், அவ்வளவுதான். விடையைக் கேள்விக்குள் எழுதிவைத்துவிட்டு, விடை வந்தது என்று சொல்வதாகிவிடும். அவளுக்கு ஆகாது; நகர்வோம்.

அடுத்தது நாலு மாறிகளுக்குள் அடங்கும் சிக்கன மாடல்கள். மாறி என்றால், கணினி ஒவ்வொரு கணமும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டிய எண். அலியேவ்–பன்ஃபிலோவ் மாடலுக்கு (1996) இரண்டு, ஃபென்டன்–கார்மா மாடலுக்கு (1998) மூன்று, மனிதக் கீழறைக்காகப் பியூனோ-ஒரோவியோ, செர்ரி, ஃபென்டன் ஆகியோர் 2008இல் தந்ததற்கு நாலு. இவற்றில் சோடியம், பொட்டாசியம் என்று தனித்தனியாக எதுவும் இருக்காது. உள்ளே வரும் வேகமான மின்னோட்டம், மெதுவான ஓட்டம், வெளியேறும் ஓட்டம் என்று மொத்தக் குவியலாக இருக்கும். ஆனால் அலையின் வேகம், துடிப்பு நெருங்க நெருங்க மின்னேற்ற நேரம் எப்படிச் சுருங்குகிறது போன்றவற்றை அளந்த தரவோடு பொருத்திவிடலாம்.

இந்த மாடல்களை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒப்புதலில்லை. சுருள் அலை ஏன் உடைகிறது என்பதற்கு ஒரே காரணம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே மூன்று மாறி மாடலின் அளவுகளை மட்டும் மாற்றிப் பல வேறு வழிகளில் அது உடைவதை ஃபென்டன் குழு 2002இல் காட்டியது. காரணம் ஒன்றல்ல என்று புரிய வைத்ததே இந்த எளிமைதான். நமக்குப் பக்கத்திலும் இந்த மரபு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட், இப்போது சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இருக்கும் சிதாப்ர சின்ஹா ஆகியோர் 2001இல் இப்படியொரு சிக்கன மாடலை வைத்து, ஒரே பெரிய ஷாக்குக்குப் பதில் வலைப்பின்னல்போன்ற கோடுகளில் சிறிய மின்தூண்டல் கொடுத்தே சிதறிய அலைகளை அடக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2007இல் ஷாஜஹான், சின்ஹா, பண்டிட் செய்த வேலை எனக்கு இன்னும் பிடிக்கும். தசையில் ஒரு தடையை வைக்கிறார்கள். அதே அளவுத் தடை. வைக்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் சிதறல் தொடர்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் அலை தடையைப் பிடித்துக்கொண்டு நிலையாகச் சுற்றுகிறது. வேறோர் இடத்தில் வைத்தால் அலையே காணாமல் போகிறது. ஒரே மாதிரி சிகிச்சை ஒருவருக்கு வேலை செய்து இன்னொருவருக்குச் செய்யாமல் போவதைப் பற்றி இது நிறைய யோசிக்க வைத்தது.

வேகமும் பெரிய லாபம். கபூதியன், செர்ரி, ஃபென்டன் 2019இல் வெளியிட்ட நிரல்கள் உலாவியிலேயே, கைபேசியில்கூட, சுருள் அலையை அப்போதைக்கப்போதே ஓட்டிக் காட்டும். விரலால் தொட்டு அலை கிளப்பலாம். அக்கா மகளுக்கு அன்றைக்கே அதை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் அந்தக் காணொளி ஆசை பாதி தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் மருந்து? பெரும்பாலான ஆபத்து மருந்துகள் அடைப்பது, செல் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் ஹெர்க் என்னும் வாசலை. சிக்கன மாடலில் அந்த வாசலே தனியாக இல்லை. இல்லாத கதவைப் பூட்ட முடியாது.

இனி விரிவான அயனி மாடல்கள்: சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஓட்டங்களைத் தனித்தனியாகக் கணக்கிடுபவை. கணவாய் மீனின் நரம்புக்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் எழுதிய சமன்பாடுகளை, டெனிஸ் நோபிள் 1960இல் இதயத்தில் மின்துடிப்பைக் கடத்தும் பர்கின்ஜி இழைக்கு மாற்றினார். லண்டன் பல்கலைக்கழகத்தின் மெர்குரி கணினியில் அந்த இளம் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தது நள்ளிரவு தாண்டிய இரண்டு மணி நேரம். அங்கிருந்து வளர்ந்தவைதான் இன்றைய மாடல்கள். இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் கைவைப்பது பெரும்பாலும் இரண்டில்: 2006ஆம் வருடத்து டென் டஸ்ஷர்–பன்ஃபிலோவ் மாடல், மாறிகள் 19, 2011இன் ஓஹாரா–ரூடி மாடல், மாறிகள் 41. பின்னது நோயில்லாத நூற்றுக்கும் மேற்பட்ட மனித இதயங்களின் தசையில் அளந்த தரவில் நிற்கிறது. அதன் குறைகளைச் சரிசெய்து ஆக்ஸ்போர்டில் தோமெக், ரோட்ரிகஸ் குழு 2019இல் தந்த வடிவமும் உண்டு.

பெரும்பாலானவர்கள் இங்கே எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். 41 அதிகம், ஆகவே நல்லது. அல்லது 19 குறைவு, ஆகவே வேகம். நானும் முதலில் அப்படித்தான் 19ஐ எடுத்தேன். உண்மையான வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை. துடிப்பு முடிவில் செல்லை ஓய்வுக்குக் கொண்டுவருவது இரண்டு பொட்டாசிய ஓட்டங்கள்: வேகமானது, மெதுவானது. 2006 மாடலில் மெதுவானதுதான் பெரும் சுமையைத் தூக்குகிறது. வேகமானதன் வாசல்தான் ஹெர்க். ஆகவே அந்த மாடலில் ஹெர்க்கை அடைத்தாலும் மின்னேற்ற நேரம் நிஜத்தில் நீளும் அளவுக்கு நீளாது. பக்கத்து ஆள் சுமையைத் தாங்கிக்கொள்வார். ஓஹாரா–ரூடியில் சுமை ஹெர்க் மேல் இருக்கிறது, அடைத்தால் தெரியும். தழும்பு, சுருள் அலை என்று பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம். மருந்தைப் பார்ப்பவருக்கு இதுவே எல்லாம். ஹெர்க்கைப் பலமாக அடைக்கும் டோஃபெடிலைடு மாதிரி மருந்தை 2006 மாடலில் போட்டுப் பார்த்துவிட்டு “பெரிய ஆபத்தில்லை” என்று அறிக்கை எழுதினால், கணக்கில் ஒரு தப்பும் இருக்காது. முடிவு மட்டும் தப்பு.

மறுபக்கமும் உண்டு. ஓஹாரா–ரூடி தனிச் செல்லில் ராஜா. தசையாகக் கோத்தால் சங்கடம். அதன் சோடிய ஓட்டம் அலையைப் போதிய வேகத்தில் தள்ளுவதில்லை. ஆகவே தசை வேலைக்குப் பலர் அந்த ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு 2006 மாடலின் சோடிய ஓட்டத்தைப் பொருத்துகிறார்கள். மாருதிக்கு அம்பாசடர் கியர்பாக்ஸ் போட்ட மாதிரிதான். ஓடும், ஆனால் யார் என்ன போட்டார்கள் என்று கட்டுரையில் தெளிவாக எழுத வேண்டும்.

மருந்துக் கேள்விக்கு இத்தனை விவரம் தேவைதானா என்று அவளுடைய கைடு கேட்டாராம். நல்ல கேள்வி, அதற்கு இரண்டு கதை சொல்லலாம். முதலாவது, காஸ்ட் என்ற அமெரிக்கச் சோதனை. மாரடைப்புக்குப் பிறகு இடையிடையே தப்புத் துடிப்பு வருபவர்களுக்கு, அதை அடக்கும் என்கனைடு, ஃப்ளெகனைடு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். தப்புத் துடிப்பு அடங்கியது. 1989இல் வந்த முதல் அறிக்கையில், மருந்து எடுத்த 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 725 பேரில் 22 பேர். சோடிய வாசலை மருந்து அடைக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாசல் எந்த நிலையில் இருக்கும்போது மருந்து ஒட்டுகிறது, எவ்வளவு மெதுவாக விடுகிறது என்பதில் சங்கதி இருக்கிறது. 2011இல் கொலீன் கிளான்சியின் குழு அந்த ஒட்டல்–விடுதலைச் சமன்பாடாக்கி, வாசல், செல், தசை, முயல் இதயம் என்று படிப்படியாக ஏற்றி, ஃப்ளெகனைடு கோளாறைக் கூட்டும் என்று கணினியிலேயே காட்டியது. லிடோகைன் அதே சோடிய வாசலை அடைத்தாலும் சீக்கிரம் விட்டுவிடும். அதற்கு விடை வேறாக வந்தது.

இரண்டாவது, வெரபமில். ரத்த அழுத்தத்துக்கும் வேகத் துடிப்புக்கும் பல வருடமாகப் புழங்கும் மருந்து. ஹெர்க்கை நன்றாகவே அடைக்கும். ஹெர்க் சோதனை ஒன்றை மட்டும் வைத்திருந்தால் இன்றைக்கு ஒரு கம்பெனி அதை ஆரம்பத்திலேயே குப்பையில் போட்டிருக்கும். ஆனால் அது கால்சிய வாசலையும் அடைக்கிறது. வெளியேறுவதும் குறைகிறது, உள்ளே வருவதும் குறைகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. பல வாசல்களை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க ஒரு மாடல் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 2013இல் சிபா என்ற முயற்சி அமெரிக்காவில் தொடங்கியது. ஆபத்து அதிகம், நடுத்தரம், குறைவு என்று ஏற்கெனவே தெரிந்த 28 மருந்துகளைத் தேர்ந்தெடுத்து, 12ஐ வைத்து மாடலைப் பழக்கி, 16ஐ வைத்துச் சோதித்தார்கள். எடுத்த மாடல் ஓஹாரா–ரூடி, ஹெர்க்கில் மருந்து ஒட்டும் விதத்தைச் சேர்த்து. பார்க்கும் எண் க்யூநெட்: ஒரு துடிப்பில் ஆறு ஓட்டங்களின் நிகர மின்னூட்டம். கவனியுங்கள், மருந்துக் கட்டுப்பாட்டு உலகம் இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு செல்லின் மாடல். சுருள் அலை இல்லை, தசை இல்லை, இதயத்தின் வடிவமே இல்லை.

ஒரு செல் எல்லோருடைய செல்லுமாகாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. ஓட்டங்களின் அளவைக் கூட்டிக் குறைத்து, நிஜ அளவீடுகளின் எல்லைக்குள் நடந்துகொள்ளும் செல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கற்பனை ஊரையே உண்டாக்குவது. பசீனி, ரோட்ரிகஸ் குழு 2017இல் இப்படி 62 மருந்துகளைச் சோதித்து 89 சதவீதம் சரியாகக் கணித்தது. ஒப்பிட எடுத்த முயல் சோதனைகள் 75 சதவீதம். இந்த வகைக் கணக்கு ஒரு லேப்டாப்பில் ஓடும்.

நாலாவது வழி, முழு இதயம். கவர்ச்சியும் பெரிது, செலவும் பெரிது. செலவை முதலில் போட்டுப் பார்க்கலாம். மனிதக் கீழறைத் தசை சுமார் 180 கன செ.மீ. கால் மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்தால் கன செ.மீ.க்கு 64,000, மொத்தம் ஒரு கோடியே 15 லட்சம் புள்ளிகள். நேரத்தை 0.02 மில்லி நொடியாக நறுக்கினால் ஒரு நொடிக்கு 50,000 அடி. பெருக்கினால் ஒரே ஒரு நொடி இதயத்துக்கு 57,500 கோடி செல் கணக்குகள். ஒவ்வொன்றிலும் 19 மாறியோ 41 மாறியோ. கைக்கு ஒரு கிளஸ்டர் கணினி கிடைக்காதவர் இதைப் பகல் கனவாகவே வைத்துக்கொள்ளலாம்.

கால் மி.மீ. என்றேனே, அங்கேதான் நான் ஒருமுறை விழுந்தேன். அலையின் முகப்பு ஏறும் நேரம் ஒரு மில்லி நொடி. வேகம் 60 செ.மீ. என்றால் முகப்பின் அகலம் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். இழைக்குக் குறுக்கே வேகம் குறைவு, ஆகவே அகலமும் குறைவு. அந்த இடத்தில் கால் மி.மீ. புள்ளி மிகப் பரும்படி. எனக்கு இது தெரியாது. இழைக்குக் குறுக்கே அலை தயங்கி நின்றதைப் பார்த்து, மருந்தினால் அலை தடைபடுவதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மூன்று வாரம் ஆனந்தமாக இருந்தேன். ஸ்லைடுகூடத் தயார். சீனியர் ஒருவர் எட்டிப் பார்த்து, “புள்ளியைப் பாதியாக்கி ஓட்டிப் பாரேன்” என்றார். பாதியாக்கினேன், தடையைக் காணோம். நோய் தசையில் இல்லை, என் கட்டத்தில் இருந்தது. தசை மாடல் எழுதும் யாரும் முதலில் செய்ய வேண்டியது, 2011இல் நீடரரும் கூட்டாளிகளும் வைத்த பொதுச் சோதனை: 20 × 7 × 3 மி.மீ. கட்டை, ஒரு மூலையில் தூண்டல், எதிர் மூலைக்கு அலை எப்போது வந்தது என்று பார்ப்பது. அன்றைக்கு 11 நிரல்கள் கலந்துகொண்டன. அரை மி.மீ. புள்ளியில் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள், 0.1 மி.மீ.யில் கிட்டத்தட்ட ஒன்றுசேர்ந்தார்கள்.

முழு இதய மாடலின் உச்ச சாதனை என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடாலியா ட்ரயனோவா குழு 2016இல் வெளியிட்டதைச் சொல்வேன். மாரடைப்பு வந்து இதயம் பலவீனமானவர்களில் யாருக்கு ஐ.சி.டி. என்னும் உள்ஷாக் கருவி பொருத்துவது? மருத்துவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இதயம் ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தத்தை வெளித்தள்ளுகிறது என்பதை. 35 அல்லது அதற்குக் கீழே என்றால் கருவி. அந்த ஒரு எண்ணை நம்பிப் பொருத்தியவர்களில் பலருக்குக் கருவி ஒருமுறைகூட ஷாக் கொடுக்க வேண்டி வராமலே போகிறது. ட்ரயனோவா குழு 41 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து தழும்பு உட்பட ஒவ்வோர் இதயத்தையும் கணினியில் கட்டி, பல இடங்களில் தூண்டிப் பார்த்தது. சுழல் அலை உண்டான மாதிரி இதயங்களின் சொந்தக்காரர்களுக்கு, உண்டாகாதவர்களைவிட நான்கு முதல் ஐந்து மடங்கு அதிகமாகப் பின்னால் ஆபத்துத் துடிப்பு வந்திருந்தது.

அழகான வேலை, ஆனால் ஒரு விஷயத்தைக் கண் திறந்து பார்க்க வேண்டும். வடிவமும் தழும்பும் அந்த நோயாளியுடையவை. மின்சாரம் அவருடையதல்ல. தழும்போரத்துச் செல்களின் ஓட்டங்கள் விலங்குச் சோதனைகளிலிருந்து எடுத்துப் பொதுவாகப் போட்டவை. வீடு அவருடையது, வயரிங் ஊருக்கெல்லாம் ஒன்று. பாதைக் கோளாறில் வீட்டின் அமைப்புதான் பெரும்பங்கு வகிக்கிறது என்பதால் இது ஓடுகிறது. பொறிக் கோளாறில், அதாவது மருந்துக் கேள்வியில், வயரிங்தான் விஷயம்.

தசையை ஒற்றைத் தளமாகக் கணக்கிடுவதா, செல்லுக்கு உள்ளும் வெளியுமாக இரட்டைத் தளமாகக் கணக்கிடுவதா என்று ஒரு விவாதம் வரும். வெளியிலிருந்து ஷாக் கொடுப்பதை மாடல் செய்வதானால் இரட்டைதான், வேறு பேச்சே இல்லை. மற்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் ஒற்றை போதும்.

ஆக, அக்கா மகளுக்கு நான் சொன்னது இது. முதல் நாலு மாதம் தனிச் செல். ஓஹாரா–ரூடி, சிபா வடிவம். செல்எம்எல் என்னும் இணையக் களஞ்சியத்தில் சமன்பாடுகள் கிடைக்கும். அவற்றை ஓட்டும் மையோகிட் என்னும் மென்பொருள் பைத்தானில் ஓடும், சி++ பயம் வேண்டாம். முதல் வாரம் எந்த மருந்தும் வேண்டாம். ஏற்கெனவே அச்சான படங்களை அப்படியே வரவழைக்க முடிகிறதா என்று பார். அப்புறம் டோஃபெடிலைடும் வெரபமிலும். இரண்டும் ஹெர்க்கை அடைத்து, முன்னதில் செல் தடுமாறி, பின்னதில் தடுமாறாமல் வந்தால் உன் நிரலை நம்பலாம். பிறகு பழக்கு மருந்துகள் 12, கற்பனைச் செல்கள் 200, ஒவ்வொன்றுக்கும் நாலு அளவு: 9,600 முறை ஓட்ட வேண்டும். ஒரு முறைக்கு அரை நிமிடம் என்று வைத்தால் 80 மணி நேரம். லேப்டாப்பை ஃபேனுக்கு முன்னால் வைத்துவிட்டு நாலு நாள் ஊருக்குப் போய் வரலாம்.

ஐந்தாவது மாதம் இரண்டு செ.மீ. நீள ஒற்றை இழை, 0.1 மி.மீ.க்கு ஒரு புள்ளி, மொத்தம் 200 செல். அதற்கு ஓப்பன்கார்ப் என்னும் தசை மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம், கல்வி வேலைக்குக் காசில்லை. அங்கே சோடியக் கியர்பாக்ஸ் பிரச்சினை வரும். வந்தால் தோமெக் வடிவத்துக்கு மாறிப் பார், இரண்டையும் ஒப்பிடுவதே ஒரு அத்தியாயம். இழையிலிருந்து ஈ.சி.ஜி. மாதிரி ஒரு கோடு வரும். கைடுக்குக் காட்ட அது போதும்.

தழும்பு, சுழல் வேகத் துடிப்பு என்று தலைப்பு இருந்திருந்தால் இதை அப்படியே கவிழ்த்திருப்பேன். அப்போது 2006 மாடலோ, அதற்கும் கீழே அந்த நாலு மாறி மாடலோதான். மிச்சமாகும் கணினி நேரத்தை முழுக்கப் புள்ளி நெருக்கத்திலும் தழும்பின் வடிவத்திலும் போடலாம். ஹெர்க் சரியா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அவள் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. பின்னிணைப்பில் ஒரே ஒரு சுருள் அலைப் படம், நாலு மாறி மாடலில். போடட்டும்.

நேற்று மறுபடி மெசேஜ். டோஃபெடிலைடு தடுமாறியது, வெரபமில் தாங்கியது, அச்சிட்ட மாதிரியே வந்திருக்கிறது. ஆனால் கேள்வி அதைப் பற்றியல்ல. “மாமா, மாடல்ல செல்லுக்கு வெளிய பொட்டாசியம் 5.4ன்னு போட்டிருக்கு. அம்மா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல நார்மல் 3.5ல இருந்து 5 வரைக்கும்னுதானே இருக்கு?” ஆமாம். 5.4 என்பது ஆய்வகத்தில் தசைத் துண்டை ஊறவைக்கும் கரைசலின் பழக்கம். அப்படியே மாடலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே பொட்டாசியம் குறைந்தால் ஹெர்க் ஓட்டமும் குறையும். வயிற்றுப்போக்கிலோ நீர் பிரிய மாத்திரை சாப்பிட்டோ பொட்டாசியம் இறங்கியிருக்கும் ஆளுக்கு இதே மருந்து என்ன செய்யும் என்பது அந்த 5.4இல் தெரியவே தெரியாது. 3.2இல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 9,600 இப்போது 19,200 ஆகிவிட்டது. ஃபேன் தாங்குமா என்று கேட்கிறாள்.